இரத்த அழுத்தமும் ஏமாந்த சிறுநீரகமும்

‘இரத்தக் கொதிப்பு’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உண்மையில் இரத்தம் எங்கும் கொதிப்பதில்லை. நோயுற்றவர் உடலிலும் நலமுற்றவர் உடலிலும் அது ஒரே சூட்டில்தான் ஓடுகிறது. மாறுபடுவது, அவ்விரத்தம் தமனிகளின் சுவரை எத்துணை விசையுடன் தள்ளுகிறது என்பதே. மருத்துவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து அளப்பது இவ்விசையைத்தான். இதயம் சுருங்கும்போது காணும் அழுத்தம் மேல் எண். விரியும்போது காணும் அழுத்தம் கீழ் எண். அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவருக்கு வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90 மில்லிமீட்டர் பாதரச அளவை எட்டினால் அதை மிகை இரத்த அழுத்தம் என்கிறோம்.

இம்மிகை அழுத்தம் இரு வகைப்படும். பெரும்பான்மையோருக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாது. மரபு, உப்பு, உடற்பருமன், வயது, மன உளைச்சல் எனப் பல சேர்ந்து மெல்ல மெல்ல அழுத்தத்தை ஏற்றுகின்றன. இதனை முதன்மை மிகை அழுத்தம் என்பர். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்வரை மட்டும் வேறு வகையினர். அவர்கள் உடலில் எங்கோ ஒரு குறை இருக்கும். அல்லது அவர்கள் உட்கொள்ளும் ஏதோ ஒரு பொருள் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கும். அக்காரணத்தைப் பெயர் சொல்லிச் சுட்டலாம். சில வேளைகளில் நீக்கியும் விடலாம். இதுவே இரண்டாம்நிலை மிகை இரத்த அழுத்தம்.

சிறுபான்மையினரைப் பற்றி ஏன் இவ்வளவு எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். இந்தச் சிறுபான்மையில் நம் வயதினரின் பங்கு மிகுதி என்பதே என் விடை. ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு அழுத்தம் 160/100 என்றால் மருத்துவர் மாத்திரை எழுதித் தருவதில் பெரும்பாலும் தவறில்லை. இருபது வயதுக்காரருக்கு அதே அளவு இருந்தால் மாத்திரை எழுதுவதோடு ‘ஏன்?’ என்றும் கேட்டாக வேண்டும். அக்கேள்வி கேட்கப்படாமல் போவதால் இழக்கப்படும் சிறுநீரகங்களும் கண்களும் உயிர்களும் உண்டு.

ஏரியும் கலிங்கும்

நம் விலங்கியல் பாடநூல்களில் சிறுநீரகத்தைக் ‘கழிவு நீக்கம்’ என்ற அத்தியாயத்தில் அடைத்துவிடுகிறார்கள். யூரியாவை வெளியேற்றுவதோடு அதன் வேலை தீர்ந்தது என்று படித்துவிட்டுத் தேர்வு எழுதிவிடுகிறோம். ஆனால் இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு மேல் இவ்விரு சிறு உறுப்புகளுக்கே செல்கிறது. கழிவை அகற்ற மட்டும் இத்தனை இரத்தம் எதற்கு? நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் அங்கே வடிகட்டப்படுகிறது. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. ஏனையது உப்போடு மீண்டும் உடலுக்குள் உறிஞ்சப்படுகிறது. இந்த உறிஞ்சலைச் சற்றே கூட்டினாலும் குறைத்தாலும் உடலிலுள்ள நீரின் அளவும், அதைத் தொடர்ந்து இரத்த அழுத்தமும் மாறிவிடும்.

கிராமத்து ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஏரியில் நீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதை முடிவில் தீர்மானிப்பது வரத்துக் கால்வாய் அன்று, கலிங்கு. பெருமழையில் நீர்மட்டம் ஏறும். மிகைநீர் கலிங்கின் வழியே வழிந்தோடும். சில நாளில் மட்டம் பழைய நிலைக்கு வந்துவிடும். மாதக்கணக்கில் மட்டம் ஓரடி உயர்ந்தே நிற்கிறது என்றால் யாரோ கலிங்குக் கற்களுக்கிடையே பலகை வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

சிறுநீரகம் உடலின் கலிங்கு. இரத்த அழுத்தம் ஏறினால் நலமான சிறுநீரகம் கூடுதல் உப்பையும் நீரையும் வெளியேற்றும், அழுத்தம் இறங்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பணியாற்றிய உடலியல் அறிஞர் ஆர்தர் கைட்டன் இதனை அடிப்படையாக வைத்து, 1972-ஆம் ஆண்டில் இரத்த ஓட்டம் முழுவதையும் கணிப்பொறியில் கணக்கிட்டுக் காட்டினார். (போலியோவால் உடல் தளர்ந்த நிலையிலும் ஆய்வை விடாதவர் அவர்.) அழுத்தம் நெடுங்காலம் உயர்ந்து நிற்க வேண்டுமானால் சிறுநீரகமும் அந்த உயரத்துக்கு இசைந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நரம்பு மண்டலத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் இன்னும் கூடுதலான இடம் தரவேண்டும் என்று வாதிடும் அறிஞர்களும் உளர். எனினும் இரண்டாம்நிலை மிகை அழுத்தத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நோயிலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கலிங்கில் பலகை வைத்தது யார்?

சில நோய்களில் கலிங்கே பழுதுபட்டுவிடுகிறது. இலண்டன் ‘கைஸ்’ மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் 1836-ஆம் ஆண்டில், சிறுநீரகம் சுருங்கி இறந்தவர்களின் இதயம் பருத்திருப்பதைக் கண்டு எழுதினார். கையில் பட்டை கட்டி அழுத்தத்தை அளக்கும் கருவியை இத்தாலியின் ரிவா-ரோச்சி அமைத்தது 1896-இல்தான். அளக்க வழியில்லாத காலத்திலேயே பிரைட் சிறுநீரகத்தையும் இதயத்தையும் இணைத்துப் பார்த்தது வியப்புக்குரியது.

இன்றும் இரண்டாம்நிலை மிகை அழுத்தத்தின் காரணங்களில் சிறுநீரக நோய்க்கே முன்னிடம். நீரிழிவால் பழுதான சிறுநீரகம், மரபுவழி நீர்க்கட்டிகள் நிறைந்த சிறுநீரகம், சிறுவயதில் அடிக்கடி சீழ்த் தொற்று ஏற்பட்டுத் தழும்பேறிய சிறுநீரகம் எனப் பல உண்டு. சிற்றூர்களில் காணக்கூடிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். குழந்தைக்குக் காலில் சிரங்கு வந்து ஆறும். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காலையில் எழும்போது முகம் அதைத்திருக்கும். சிறுநீர் தேயிலை டிகாக்‌ஷன் நிறத்தில் குறைவாகப் போகும். சிரங்கில் இருந்த ஸ்டிரெப்டோகாக்கஸ் நுண்ணுயிரை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள் சிறுநீரகத்தின் தந்துகி முடிச்சுகளில் படிந்து அவற்றை வீங்கச் செய்துவிட்டன. வடிகட்டல் குறைகிறது, உப்பும் நீரும் தேங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. தக்க மருத்துவம் செய்தால் பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். முகம் அதைத்த குழந்தைக்கு இரத்த அழுத்தம் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து; திடீரென ஏறிய அழுத்தம் வலிப்பில் கொண்டுபோய் நிறுத்தலாம்.

வெள்ளி இடுக்கி

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹாரி கோல்ட்பிளாட் என்னும் நோய்க்குறியியல் அறிஞர் இருந்தார். மிகை அழுத்தத்தால் இறந்தவர்களின் உடலை ஆராயும்போது, சிறுநீரகத்துக்குச் செல்லும் தமனி பலருக்குக் குறுகியிருப்பதைக் கண்டார். குறுகியதால் அழுத்தம் ஏறியதா, அழுத்தம் ஏறியதால் குறுகியதா? இதைத் தீர்க்க வெள்ளியால் சிறு இடுக்கி ஒன்றைச் செய்து, நாயின் சிறுநீரகத் தமனியில் பொருத்தித் திருகினார். தமனி முற்றும் மூடாமல் குறுகியது. நாயின் இரத்த அழுத்தம் ஏறி நின்றது. 1934-இல் வெளிவந்த இச்சோதனை மருத்துவ உலகையே திருப்பிப் போட்டது.

சிறுநீரகத்துக்குச் செல்லும் நரம்புகளை அறுத்த பின்னும் அழுத்தம் ஏறுவதைப் பிறர் காட்டினர். செய்தி நரம்பு வழியே போகவில்லை என்றால் இரத்தத்தின் வழியேதான் போக வேண்டும். ஸ்டாக்ஹோமில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் என்னும் இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தி, அழுத்தம் ஏறுவதைக் கண்டு, அதிலுள்ள பொருளுக்கு ‘ரெனின்’ என்று 1898-லேயே பெயர் வைத்திருந்தனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அக்கட்டுரையை ஏறக்குறைய எவரும் பொருட்படுத்தவில்லை. கோல்ட்பிளாட்டின் நாய்கள் அதற்கு உயிர் கொடுத்தன.

நடப்பது இதுதான். தமனி குறுகியதால் சிறுநீரகத்துக்கு வரும் இரத்தத்தின் விசை குறைகிறது. உடல் முழுவதும் அழுத்தம் விழுந்துவிட்டது என்று சிறுநீரகம் எண்ணிக்கொள்கிறது. இடுக்கி தன் வாயிலில்தான் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எனவே ரெனினைச் சுரக்கிறது. ரெனின் ஒரு நொதி. கல்லீரல் இரத்தத்தில் விட்டிருக்கும் ஒரு புரதத்திலிருந்து பத்து அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு ஒன்றை அது வெட்டியெடுக்கிறது. இது முதலாம் ஆஞ்சியோடென்சின். நுரையீரலின் இரத்தக் குழாய்களில் மிகுதியாக உள்ள மற்றொரு நொதி அதிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களைக் கத்தரித்து இரண்டாம் ஆஞ்சியோடென்சினாக்குகிறது. இது சிறு தமனிகளை இறுக்கும், தாகத்தைத் தூண்டும், அட்ரினல் சுரப்பியைத் தட்டியெழுப்பி ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்க வைக்கும். அந்த ஹார்மோன் சிறுநீரகத்திடமே திரும்பிவந்து ‘உப்பை விடாதே’ என்று ஆணையிடும். இரத்தப்போக்கில் துவண்ட ஒருவரைக் காக்க அமைந்த இந்த ஏற்பாடு, ஏமாந்த சிறுநீரகத்தின் கையில் நோயாகிவிடுகிறது.

இயற்கையே இடுக்கி வைக்கும் இடங்கள் பல. முதியவர்களுக்குக் கொழுப்புப் படிவால் தமனி குறுகும். இளம் பெண்கள் சிலருக்குத் தமனிச் சுவரின் தசையும் நாரும் ஒழுங்கின்றி வளர்ந்து குழாய் மணிமாலை போலாகும். சில குழந்தைகள் பிறக்கும்போதே பெருந்தமனி மார்பில் ஓரிடத்தில் குறுகியிருக்கும். அடைப்புக்கு மேலே கைகளில் அழுத்தம் மிகும், கீழே கால்களிலும் சிறுநீரகத்திலும் குறையும். கையில் நாடி துள்ள, தொடையிடுக்கில் நாடி பிந்தியோ மெலிந்தோ வரும். இதைக் கண்டறிய விரல்களே போதும்.

நம் நாட்டில் இளவயதினரின் சிறுநீரகத் தமனி குறுகுவதற்கு ஒரு முக்கியக் காரணம் ‘டகயாசு’ நோய். 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ டகயாசு, ஓர் இளம்பெண்ணின் விழித்திரைக் குழாய்கள் விசித்திரமாகப் பின்னிக் கிடப்பதைக் கண்டு கூறியதால் இப்பெயர். பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்து அடைபடும். பெரும்பாலும் நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களையே இது தாக்குகிறது.

இந்நோயை நான் நூலில் படிப்பதற்கு முன் வீட்டில் அறிந்தேன். என் பெரியம்மா மகளுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. ஓயாத தலைவலி, இடக்கையால் குடம் தூக்கினால் கை துவண்டுவிடும். ‘இரத்தச் சோகை, வேறொன்றுமில்லை’ என்று இரும்புச் சத்து மாத்திரைகள் தரப்பட்டன. ஒவ்வொரு முறையும் அக்கா இடக்கையைத்தான் நீட்டியிருக்கிறாள். அளவு ஒவ்வொரு முறையும் 110/70. இவ்வாறு இரண்டாண்டுகள் போயின. கடைசியில் அரசு மருத்துவமனை ஒன்றில், அப்போதுதான் படிப்பு முடித்திருந்த பயிற்சி மருத்துவர் ஒருவர் அவளுடைய இரு மணிக்கட்டுகளையும் ஒருசேரப் பிடித்துப் பார்த்தார். இடப்பக்கம் நாடி ஏறக்குறைய இல்லை. வலக்கையில் அளந்தபோது 190/110. இடக்கைத் தமனி அடைபட்டிருந்ததால் அந்தக் கை இத்தனை நாளும் பொய் சொல்லியிருக்கிறது. இடச் சிறுநீரகத் தமனியும் அவ்வாறே குறுகியிருந்தது. அழற்சியை மருந்தால் அடக்கிய பின் பலூனால் தமனியை விரித்தார்கள். முதல் முறை பார்க்கும்போது இரு கைகளிலும் அளக்க வேண்டும் என்று மருத்துவ நூல்கள் சொல்வது வெறும் சம்பிரதாயம் அன்று என்பதை எங்கள் குடும்பம் நன்கு அறியும்.

கோல்ட்பிளாட்டின் கண்டுபிடிப்பு நன்மை மட்டும் செய்தது என்று சொல்ல முடியாது. ஒரு பக்கச் சிறுநீரகம் சிறிதாகத் தெரிந்தாலே அதை வெட்டியெடுக்கும் ஆர்வம் அறுவை மருத்துவரிடையே பரவியது. 1956-இல் ஹோமர் ஸ்மித் என்னும் சிறுநீரக அறிஞர் கணக்கெடுத்தபோது, அவ்வாறு சிறுநீரகம் இழந்தவர்களில் கால் பங்கினருக்கே அழுத்தம் சரியாகியிருந்தது. குறுகல் இருப்பது வேறு, அக்குறுகலே காரணமாக இருப்பது வேறு. இதே பாடத்தை மருத்துவ உலகம் மறுபடியும் படிக்க நேர்ந்தது. கொழுப்பால் குறுகிய தமனியில் கம்பிவலை வைத்து விரிப்பது மருந்தைவிட மேலானதன்று என்று 2009-லும் 2014-லும் வெளியான பெரும் ஆய்வுகள் இரண்டு காட்டின. தசைநார்க் குறுகலுள்ள இளம் பெண்களுக்கோ பலூன் மருத்துவம் இன்றும் கைகொடுக்கிறது.

ரெனின் ஆய்வின் பெருங்கனி மருந்துச் சாலையில் கிடைத்தது. பிரேசில் நாட்டின் ஜராராகா விரியன் பாம்பின் நஞ்சைச் செர்ஜியோ ஃபெரெய்ரா 1960-களில் ஆராய்ந்தார். நுரையீரலில் ஆஞ்சியோடென்சினைக் கத்தரிக்கும் நொதியைத் தடுக்கும் பொருள் அந்நஞ்சில் இருப்பது தெரியவந்தது. அதைப் பார்த்து வடிவமைத்த காப்டோபிரில் மாத்திரை 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று கோடிக்கணக்கானோர் விழுங்கும் அழுத்த மாத்திரைகளில் ஒரு குடும்பம் முழுவதும் இதன் வழி வந்தது. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. இரு சிறுநீரகத் தமனிகளும் குறுகியவருக்கு இம்மருந்தைக் கொடுத்தால் இரத்தத்தில் கிரியேட்டினின் விறுவிறுவென ஏறும். ஆஞ்சியோடென்சின் வடிமுடிச்சின் வெளிவாயிலை இறுக்கி வைத்திருந்ததால்தான் குறைந்த விசையிலும் வடிகட்டல் நடந்துகொண்டிருந்தது. மருந்து அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது. மருந்தின் தீங்கே நோயைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றனாகிறது.

வியர்வையிலிருந்து வந்த விடை

சிறுநீரகம் கேட்காமலே அட்ரினல் சுரப்பி தானாக ஆல்டோஸ்டிரோனைச் சுரந்தால் என்ன ஆகும்? இவ்வினாவுக்கு விடை கண்டவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கான். இரண்டாம் உலகப் போரின்போது வெப்ப நாடுகளுக்குச் செல்லும் படைவீரர்கள் எவ்வாறு வெயிலுக்குப் பழகுகிறார்கள் என்று அவர் ஆராய்ந்தார். பழகிய உடல் வியர்வையில் உப்பை விடுவதில்லை; அதற்கு அட்ரினல் சுரப்பியே காரணம் என்று கண்டார். ஆல்டோஸ்டிரோனைச் சிம்ப்சனும் டெய்ட்டும் பிரித்தெடுத்தது 1953-இல். அடுத்த ஆண்டே கானிடம் முப்பத்து நான்கு வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். ஏழாண்டுகளாகத் தசைப்பிடிப்பும், கால்கள் செயலற்றுப் போகும் அளவுக்குத் தளர்ச்சியும் வந்து வந்து போயின. இரத்த அழுத்தம் மிகுதி. பொட்டாசியம் மிகக் குறைவு. வெயிலில் உழைக்காத அவருடைய வியர்வையிலோ சோடியம் மிகக் குறைவாக இருந்தது. படைவீரர்களின் வியர்வையைப் பார்த்திருந்த கண்ணுக்கு அது போதுமானதாயிற்று. 1954 டிசம்பரில் இரு அட்ரினல் சுரப்பிகளையும் எடுக்கும் எண்ணத்தோடு வயிற்றைத் திறந்தனர். வலப்பக்கம் 4 சென்டிமீட்டர் கட்டி ஒன்று இருந்தது. அதை மட்டும் எடுத்தனர், பெண்மணி தேறினார்.

ஆல்டோஸ்டிரோன் சிறுநீரகக் குழல்களில் சோடியத்தை உள்ளே இழுத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். சோடியத்தோடு நீரும் சேரும். அப்படியானால் இந்நோயாளிகளுக்கு உடல் ஊதிப்போக வேண்டுமே? ஊதுவதில்லை. சில நாட்களுக்குள் உயர்ந்த அழுத்தமே உப்பைப் பிடித்து வெளியே தள்ளத் தொடங்கிவிடுகிறது. உண்ட உப்பும் வெளியேறும் உப்பும் மீண்டும் சமமாகின்றன. ஆனால் முன்னைவிட உயர்ந்த அழுத்தத்தில். பலகை வைத்த பின்னும் கலிங்கு வழியத்தான் செய்கிறது. ஏரி மட்டம் உயர்ந்துவிட்டது, அவ்வளவே. கைட்டனின் கொள்கையை இதைவிடத் தெளிவாக எந்த நோயும் காட்டுவதில்லை.

இந்நோய் மிக அரியது என்று நெடுநாள் எண்ணியிருந்தனர். பொட்டாசியம் குறைந்தவர்களிடம் மட்டும் தேடியதே அதற்குக் காரணம். இன்று ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் ஒருசேர அளந்து விகிதம் பார்க்கிறார்கள். மூன்று மருந்துகளுக்கும் அடங்காத அழுத்தம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர்வரை இந்நோயினர் என்றும், அவர்களில் பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் இயல்பாகவே இருக்கிறது என்றும் தெரியவந்துள்ளது. ஒரு பக்கக் கட்டியானால் அறுவை; இரு பக்கமும் சுரப்பானால் ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை.

ஆல்டோஸ்டிரோன் சிறிதும் மிகாமலே இதே நோயை வரவழைக்கும் பொருள் ஒன்று நம் நாட்டு மருந்துக் கடையில் இருக்கிறது. அது அதிமதுரம். இருமலுக்கும் தொண்டைக் கட்டுக்கும் நாம் வாயில் அடக்கிக்கொள்ளும் அதே வேர்தான். 1940-களில் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ் என்பவர், அதிமதுரச் சாற்றால் இரைப்பைப் புண்ணுக்கு மருத்துவம் செய்தார். சிலருக்குப் புண் ஆறியது, உடலில் நீர் கோத்தது. இதன் உள்விளக்கம் 1987-இல்தான் தெளிவாயிற்று. ஆல்டோஸ்டிரோனுக்கான பூட்டில் கார்ட்டிசால் என்னும் மற்றோர் ஹார்மோனும் பொருந்தும். அது இரத்தத்தில் பன்மடங்கு மிகுதியாக உள்ளது. அது பூட்டைத் திறந்துவிடாதபடி சிறுநீரகத்தில் ஒரு நொதி காவல் நின்று கார்ட்டிசாலைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது. அதிமதுரத்திலுள்ள கிளிசிரைசிக் அமிலம் இக்காவலனை மயக்கிவிடுகிறது. பின்னர் கார்ட்டிசால் எல்லாப் பூட்டுகளையும் திறக்க, உப்பு தேங்கி அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ஒருவேளைக் கஷாயம் நலமுள்ள எவரையும் ஒன்றும் செய்துவிடாது. வாரக்கணக்கில் நாள்தோறும் உட்கொள்வோரும், ஏற்கெனவே அழுத்த நோய் உள்ளவர்களும்தான் இதை நினைவில் வைக்க வேண்டும். நாட்டு மருந்தைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஆற்றல் உள்ள பொருளுக்கே பக்கவிளைவும் உண்டு.

ஆங்கில மருந்துகளும் இதில் சளைத்தவை அல்ல. மூட்டுவலிக்கும் பல்வலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் டைக்லோஃபினாக், இபுபுரூஃபன் முதலியவை, உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் தானே செய்துகொள்ளும் புரோஸ்டாகிளாண்டின்களை நிறுத்திவிடுகின்றன. ஈஸ்டிரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் கல்லீரலில் ஆஞ்சியோடென்சினின் மூலப்புரதத்தைக் கூட்டுகின்றன. மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள் குழாய்களை நேரே இறுக்குகின்றன. நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டுகள் 1932-இல் ஹார்வி குஷிங் விவரித்த நோயின் முகத்தையே தந்துவிடும்: உருண்டை முகம், மெலிந்த கைகால், வயிற்றில் ஊதா நிறக் கீற்றுகள், ஏறிய அழுத்தம். குறட்டைவிட்டு மூச்சு நின்று நின்று உறங்குவோருக்கு இரவு முழுவதும் உயிர்வளி குறைந்து பரிவு நரம்புகள் முடுக்கப்படுவதால், பகலிலும் அழுத்தம் இறங்குவதில்லை. தைராய்டு மிகுந்தாலும் குறைந்தாலும் அழுத்தம் மாறும்.

இவற்றினின்று சற்று விலகி நிற்பது ஃபியோகுரோமோசைட்டோமா என்னும் நீண்ட பெயருடைய கட்டி. இங்கே முதல் அடி சிறுநீரகத்தில் விழுவதில்லை. அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் தோன்றும் இக்கட்டி அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் அலை அலையாக இரத்தத்தில் கொட்டும். திடீரெனத் தலை பிளக்கும் வலி, படபடப்பு, உடல் முழுதும் வியர்வை. சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். மருத்துவரிடம் போய்ச் சேரும்போது அழுத்தம் சரியாக இருப்பதால் ‘மனப் பிரமை’ என்ற பெயரும் கிடைக்கும். ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் இவ்வாறு துன்புற்று இறந்த பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் இரு அட்ரினல்களிலும் கட்டி இருந்ததை ஃபெலிக்ஸ் ஃபிராங்கெல் 1886-இல் எழுதி வைத்தார். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் அதே நகர மருத்துவர்கள் அப்பெண்ணின் குடும்பத்தாரைத் தேடிக் கண்டுபிடித்து ஆராய்ந்தனர்; இக்கட்டியை உண்டாக்கும் மரபணு மாற்றம் அவர்களிடம் இருப்பதை 2007-இல் வெளியிட்டனர். ஒருவருக்கு இக்கட்டி வந்தால் உடன்பிறந்தோரையும் சோதிக்க வேண்டும் என்று இப்போது வற்புறுத்துவது இதனால்தான்.

அழுத்தம் உள்ள ஒவ்வொருவருக்கும் இத்தனை சோதனையும் செய்வது பணவிரயம். அதை யாரும் பரிந்துரைக்கவில்லை. முப்பது வயதுக்குள் வந்த அழுத்தம், மூன்று மருந்துக்கும் அடங்காத அழுத்தம், நேற்றுவரை கட்டுக்குள் இருந்து திடீரென எகிறிய அழுத்தம், பொட்டாசியக் குறைவோடு சேர்ந்த அழுத்தம் ஆகியவை கண்டால் மருத்துவர் தேடத் தொடங்குவார். தொடக்கச் செலவும் பெரிதன்று. இரு கைகளிலும் ஒரு காலிலும் அழுத்தம், தொடை நாடி, சிறுநீரில் புரதமும் இரத்த அணுக்களும், இரத்தத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும், வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் கேட்கும் ‘உஸ்’ என்ற ஓசை ஆகிய இவை மாவட்ட மருத்துவமனையிலேயே முடிந்துவிடும். உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும், கஷாயமும் வலி மாத்திரையும் உட்பட, நாமே சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்.

காலதாமதத்துக்கு உடல் ஒரு விலை கேட்கிறது. எலிகளின் ஒரு சிறுநீரகத் தமனியில் இடுக்கி வைத்துப் பார்த்ததில், சில வாரங்களுக்குள் எடுத்துவிட்டால் அழுத்தம் முற்றும் இறங்கியது. நெடுநாள் விட்டுவைத்தால் இடுக்கியை எடுத்த பின்னும் இறங்காமல் நின்றது. அதற்குள் உயர்ந்த அழுத்தத்தை நேரே தாங்கிய மறுபக்கச் சிறுநீரகம் பழுதாகி, சிறு தமனிகளின் சுவர்களும் தடித்துவிடுகின்றன. மனிதரிடத்தும் இவ்வாறே. ஆல்டோஸ்டிரோன் கட்டியை எடுத்த அனைவருக்கும் மாத்திரை நின்றுவிடுவதில்லை; பலருக்கு மாத்திரைகளின் எண்ணிக்கைதான் குறைகிறது. வயதில் இளையவர்களுக்கும், அழுத்தம் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆனவர்களுக்கும் முற்றிலும் விடுபடும் வாய்ப்பு மிகுதி.